நகரும் படிகளும் நகர்ந்த குடிகளும்

காலை எட்டு மணி. ஹாங்காங் தீவின் மலைச் சரிவில் நெருக்கமாக எழுந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பாங்கி உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், கம்பெனி குமாஸ்தாக்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருமே தெரு முனைக்கு வந்து ஒரு படியில் காலை வைத்துச் சும்மா நிற்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்ய வேண்டியது. கூரை போட்ட அந்தப் படிக்கட்டு தானாகவே நகர்ந்து, கடைத் தெருக்களுக்கு மேலாக அவர்களைச் சுமந்துகொண்டு, கீழே கடலோரமாக இருக்கும் ஸென்ட்ரல் என்ற வியாபார மையத்தில் கொண்டு போய்ச் சேர்க்கிறது. கட்டணம் கிடையாது. டிக்கெட் கிடையாது.

அதே எட்டு மணிக்கு, அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாதாரணப் படிகளில், இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டு வேலைக்காரி ஒருத்தி மூச்சிரைக்க மேலே ஏறுகிறாள். பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்தோ இந்தோனேஷியாவிலிருந்தோ பிழைக்க வந்தவள். விடியற்காலையில் இறங்கும்போது அவளுக்கும் இயந்திரம் உதவிற்று. திரும்பி ஏறும்போது உதவாது. ஏனென்றால் காலை 6 மணி முதல் 10 மணி வரை அந்தப் படிக்கட்டு கீழ் நோக்கித்தான் ஓடும். பத்து மணிக்குத் திசை மாறி, நடுநிசி வரையில் மேல் நோக்கி ஓடும். எஜமானர்கள் ஆபீஸுக்குப் போகும் நேரத்தை வைத்து அமைத்த ஏற்பாடு இது.

உலகத்திலேயே திறந்த வெளியில் அமைந்த, கூரையிட்ட நகரும் படிக்கட்டு வரிசைகளில் மிக நீளமானது என்று பெயர் பெற்றது இது. நீளம் சுமார் 800 மீட்டர். அடியிலிருந்து நுனிக்கு உயரம் 135 மீட்டர். அதாவது நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உயரத்துக்குக் குறையாது. இருபதுக்கு மேற்பட்ட தனித்தனி இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாற்போல் போகின்றன. சும்மா நின்றுகொண்டே போனால் அடியிலிருந்து நுனிவரை இருபது நிமிஷத்துக்குச் சற்று மேலாகும். 1993-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திறந்தார்கள்.

கார்களுக்கும் பஸ்களுக்கும் கோடிக் கணக்கில் செலவிட்டு ரோடு போடுகிற காலத்தில், நடந்து போகிறவனுக்காக இவ்வளவு பெரிய வாகனம் ஒன்றை ஒரு நகரம் செய்து கொடுத்ததே அதிசயம். ஆனால் எதற்காக அதைக் கட்டினார்களோ அந்தக் காரியம் நடக்கவில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத வேறொரு காரியம் நடந்தது. அதுதான் இன்று உலகத்து நகரசபைகளெல்லாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பல்லக்கு போய் டிராம் வந்தது

ஹாங்காங் மலைகள் நிறைந்த ஊர். எழுபத்தைந்து லட்சம் ஜனங்கள் வாழும் பிரதேசத்தில், கட்டடம் எழும்பியிருக்கும் நிலம் மொத்தத்தில் கால் பங்குதான் இருக்கும். மற்றதெல்லாம் செங்குத்தான சரிவும் காடும். கடலோரத்தில் சமதளம் ஒரு கீற்றுப் போலத்தான் இருக்கிறது. அதிலும் பெரும் பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது.

இப்படிப்பட்ட ஊரில் உயரம் என்பது அந்தஸ்தாகிவிட்டது. கீழே புழுக்கமும் நெரிசலும் நோயும். மேலே காற்றும் காட்சியும். வெள்ளைக்காரத் துரைமார்கள் மலையுச்சிக்குக் குடிபோனார்கள். அவர்களைப் பல்லக்குப் போன்ற நாற்காலிகளில் வைத்துச் சீனக் கூலிகள் தோளில் சுமந்து ஏறினார்கள். 1888-ல் பீக் டிராம் என்ற மலை ரயில் வந்தது. கம்பி வடத்தால் இழுக்கப்படும் அந்த வண்டியில் ஆதியில் மூன்று வகுப்புகள். முதல் வகுப்பு அதிகாரிகளுக்கும் உச்சியில் குடியிருப்போருக்கும். இரண்டாவது பட்டாளத்துக்கும் போலீஸுக்கும். மற்ற ஜனங்களும் பிராணிகளும் மூன்றாவதில். முன்னால் உள்ள இரண்டு ஆசனங்கள் கவர்னர் துரைக்கென்று 1949 வரையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதோடு விட்டார்களா? 1904-ல் ஒரு சட்டமே கொண்டு வந்து, சீனர்கள் உச்சிப் பகுதியில் குடியிருக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அந்தச் சட்டம் 1946-ல்தான் ஒழிந்தது.

உச்சிக்கும் கடலோரத்துக்கும் நடுவில் உள்ள சரிவுக்கு மிட்-லெவல்ஸ் என்று பெயர். இடைநிலை மலை என்று சொல்லலாம். உச்சிக்குப் போக முடியாத பணக்காரர்களும், பிற்பாடு மேல் நடுத்தர வகுப்பாரும் இங்கேதான் குடியேறினார்கள். பழைய மாளிகைகளை இடித்து வானளாவிய கட்டடங்களை எழுப்பிய பிறகு, ஒரு குடும்பம் இருந்த மனையில் நூறு குடும்பங்கள் வந்தன. ஆனால் ரோடு மட்டும் பழைய ரோடாகவே இருந்தது. மலைச் சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும் கெய்ன் ரோடு, ராபின்ஸன் ரோடு, காண்டுயிட் ரோடு ஆகிய மூன்றையும் அகலப்படுத்த இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். காக்கை பறக்கும் தூரத்தில் இருக்கும் ஆபீஸுக்குக் கார் வளைந்து வளைந்து போய்ச் சேருவதற்குள், படியில் இறங்கிப் போனவன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்! ஆனால் சாயங்காலம் அவனே அந்தப் படிகளில் ஏறித் திரும்ப வேண்டுமே?

நெருக்கடி எவ்வளவு முற்றியது என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. ரோடுகள் தாங்காது என்ற ஒரே காரணத்துக்காக, 1972-ல் அந்தப் பகுதியில் சர்க்கார் நிலம் விற்பதையும், கூடுதல் கட்டடத்துக்காகக் குத்தகை நிபந்தனைகளைத் தளர்த்துவதையும் சர்க்கார் நிறுத்தி வைத்தது. போக்குவரத்துதான் நகரத்தின் வளர்ச்சிக்குக் கடிவாளம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் நகரும் படிக்கட்டு யோசனை பிறந்தது. மலைமேல் குடியிருப்பவர்களைக் காரிலிருந்து இறக்கிப் படியில் ஏற்றிவிட்டால் ரோடு காலியாகும் என்பது கணக்கு. புதிய ரோட்டுக்கு நிலம் கையகப்படுத்த வேண்டும், இதற்கு வேண்டாம். இருக்கிற சந்துகளின் மேலேயே தூண்களை நட்டு இயந்திரங்களை நிறுத்திவிடலாம். இன்னொரு சௌகரியமும் உண்டு. லிப்டுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டும். நகரும் படிக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஆற்று வெள்ளம் மாதிரி, வந்தவர்களை வந்தபடியே ஏற்றிக்கொண்டு போகும்.

ஆடிட்டர் கேட்ட கேள்வி

கட்டி முடித்தபோது சுமார் 24 கோடி ஹாங்காங் டாலர் செலவாகியிருந்தது. முதலில் போட்ட மதிப்பீட்டை அது வெகுதூரம் தாண்டிவிட்டது. 1996-ல் அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: ரோட்டில் கார்கள் குறைந்தனவா? குறையவில்லை. அப்படியானால் போட்ட பணம் எதற்கு? யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிட்டதே என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு அந்த அறிக்கை இடம் கொடுத்தது.

கார்கள் ஏன் குறையவில்லை என்பதை யோசித்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. படியில் ஏறியவர்களில் அநேகர் காரை விட்டு வந்தவர்கள் அல்ல. பஸ்ஸையும் மினி பஸ்ஸையும் விட்டு வந்தவர்கள். முன்பு படியேற அஞ்சி வீட்டோடு கிடந்த வயோதிகர்கள். முன்பு அந்தப் பக்கமே வராத புதிய மனிதர்கள். காரில் போகிறவர் படிக்கு வந்தாலும், அவர் விட்டுச் சென்ற இடத்தில் இன்னொருவர் காரைக் கொண்டுவந்து நுழைத்துவிடுகிறார். காலியான ரோடு காலியாகவே இருந்ததாக எந்தப் பட்டணத்தின் சரித்திரத்திலும் இல்லை.

ஆனால் ஆடிட்டரின் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. நாள் ஒன்றுக்கு முப்பதாயிரத்துக்கும் குறைவான பேர்தான் வருவார்கள் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். 2010-களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது 78,000 பேருக்கும் மேல்! இத்தனை கால்கள் ஒவ்வொரு நாளும் ஒரே பாதையில் போனால், அந்தப் பாதையின் இரு மருங்கும் பழையபடி இருக்குமா? இருக்கவில்லை.

சந்து கடைவீதியான விதம்

படிக்கட்டு போகும் வழியில் ஹாலிவுட் ரோடு என்று ஒரு தெரு குறுக்கிடுகிறது. சினிமா நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன பழைய தெரு அது. அதற்குத் தெற்கே, அதாவது மேட்டுப் பக்கமாக, ஸ்டான்டன் தெரு, எல்ஜின் தெரு, ஷெல்லி தெரு என்று குறுகலான சந்துகள். 1993-க்கு முன்னால் அங்கே சிறு அச்சகங்கள், மளிகைக் கடைகள், பட்டறைகள், மாடியில் பழைய குடித்தனங்கள், லிப்ட் இல்லாத ஐந்தாறு மாடிக் கட்டடங்கள். வெளியூர்க்காரன் தப்பித் தவறிக்கூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஏறுவதற்கு யாருக்கு முழங்காலில் தெம்பு இருந்தது?

படிக்கட்டு வந்த சில வருஷங்களுக்குள் அந்த இடத்துக்கு ஸோஹோ என்று புதுப் பெயர் வந்தது. ஹாலிவுட் ரோட்டின் தெற்கு என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள நாகரிகப் பேட்டைகளின் பெயரை ஒத்து வரும்படி வைத்த பெயர். அச்சகம் இருந்த இடத்தில் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. மளிகை இருந்த இடத்தில் மதுக்கடை. பட்டறை இருந்த இடத்தில் சித்திரக் கூடம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு மேலே போகிறவர்கள் நடுவழியில் இறங்கி, ஒரு கோப்பை காப்பியோ வேறெதுவோ சாப்பிட்டுவிட்டு, மறுபடி படியில் ஏறி வீட்டுக்குப் போகலானார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தப் படிக்கட்டு அடியிலிருந்து நுனிக்கு ஒரே மூச்சில் போவதில்லை. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் அது முடிகிறது. நாலு எட்டு நடக்க வேண்டும். பிறகு அடுத்த இயந்திரம் தொடங்கும். பார்ப்பதற்கு இது குறை போலத் தோன்றும். உண்மையில் இதுதான் அதன் உயிர். ஒவ்வொரு முடிவிலும் இறங்கலாம், ஏறலாம். கீழிருந்து மேலே ஒரே லிப்ட் வைத்திருந்தால், அடியில் ஒரு கடைவீதியும் நுனியில் ஒரு கடைவீதியும் வந்திருக்கும். நடுவில் இருந்த சந்துகள் இருந்தபடியே இருந்திருக்கும். படிக்கட்டின் வேகமும் மனிதனின் நடை வேகத்துக்கு மேற்பட்டதல்ல. நின்றுகொண்டு போகிறவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எதிர் வீட்டு முதல் மாடி ஜன்னல் அவன் முகத்துக்கு நேராக வருகிறது. அந்த ஜன்னலே பிறகு கடையின் கண்ணாடி அலமாரி ஆயிற்று. 1994-ல் வோங் கர்-வாய் எடுத்த ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ என்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கதாநாயகனின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே படியில் போகும் கதாநாயகி குனிந்து எட்டிப் பார்ப்பாள்.

ஹாங்காங்கில் இந்த ரகசியத்தை முதலில் அறிந்தவர்கள் நிலச் சொந்தக்காரர்கள்தான். 1965-லேயே ஸென்ட்ரலில் மாண்டரின் ஹோட்டலுக்கும் எதிரே இருந்த பிரின்ஸஸ் கட்டடத்துக்கும் நடுவில் முதல் மாடி உயரத்தில் நடைபாலம் ஒன்றைப் போட்டார்கள். ஹோட்டல் விருந்தாளிகள் ரோட்டைக் கடக்காமலே கடைகளுக்குப் போகலாம் என்பது நோக்கம். மாடிக் கடைக்கும் தெருக் கடையின் மவுசு வந்துவிட்டது. பிறகு ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பாலங்கள் முளைத்தன. இன்று கப்பல் துறையிலிருந்து புறப்பட்டு, மண்ணில் கால் படாமல், மழையில் நனையாமல், கட்டடங்களுக்குள் நுழைந்தும் வெளிவந்தும் மிட்-லெவல்ஸ் வரையில் போய்விடலாம்.

படிக்கட்டு தொட்ட இடமெல்லாம் துலங்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை. அடிவாரத்தில் 1939-ல் கட்டிய ஸென்ட்ரல் மார்க்கெட் பல காலம் பூட்டிக் கிடந்து, 2021-ல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. ஹாலிவுட் ரோட்டில் இருந்த பழைய போலீஸ் தலைமை நிலையமும் சிறைச்சாலையும் 2018-ல் தாய் க்வுன் என்ற கலை மண்டபமாக மாறின; படிக்கட்டிலிருந்து அதற்கு நேரே ஒரு பாலம் போகிறது. இன்னும் மேலே ஷெல்லி தெருவில் ஜாமியா மசூதி இருக்கிறது. 1849-ல் எழும்பி 1915-ல் திரும்பக் கட்டப்பட்ட அது, ஹாங்காங்கின் மிகப் பழைய பள்ளிவாசல். பச்சை நிற மதிலுக்கு வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் சத்தமில்லாமல் மரங்கள் நிற்கின்றன. வக்பு சொத்து, வாடகைக்கு விடுகிற இடமல்ல. அதனால்தானோ என்னவோ அது மாறாமல் தப்பித்தது.

லாபம் யாருக்கு?

மற்ற இடங்கள் தப்பவில்லை. தெருவுக்கு ஜனங்கள் வந்தால் வியாபாரம் வரும். வியாபாரம் வந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் அச்சகக்காரர் என்ன செய்வார்? அவருடைய வாடிக்கைக்காரர்கள் படிக்கட்டில் வருகிறவர்கள் அல்ல. அவருக்கு ஒரு கூடுதல் ஆர்டர்கூடக் கிடைக்கவில்லை. கூடுதல் வாடகை மட்டும் கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு போனார். மாடியில் இருந்த கிழவர்கள் கதையும் அதுதான். படியேற முடியாமல் தவித்தவர்களுக்குப் படி வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த நேரத்தில் வீடு கையை விட்டுப் போயிற்று. இருந்து சமாளித்தவர்களுக்கோ ராத்திரித் தூக்கம் போயிற்று. மதுக்கடை லைசென்ஸுகளை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகள் வருஷக் கணக்கில் மனுப் போட்டார்கள்.

படிக்கட்டுக்கு அடுத்தாற்போல் கிரகாம் தெரு மார்க்கெட் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக, சரிவான தெருவில் தள்ளு கடைகளும் கூடைகளும் வைத்துக் காய்கறியும் மீனும் விற்கும் இடம். 2007-ல் தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தில் அதைச் சுற்றியிருந்த பழைய வீடுகள் இடிபட்டு உயர்ந்த கட்டடங்கள் எழும்பின. இதற்கு முழுக்க முழுக்கப் படிக்கட்டுதான் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஸென்ட்ரலுக்கு இவ்வளவு பக்கத்தில் உள்ள மண், படி வந்தாலும் வராவிட்டாலும் பொன்தான். ஆனால் படி வந்ததால் அந்தப் பொன் சீக்கிரமே கண்ணில் பட்டுவிட்டது.

24 கோடி டாலரும் பொது ஜனங்களின் வரிப் பணம். நாள்தோறும் இயந்திரத்தை ஓட்டுவதும் அதே பணம். 2018 முதல் பழைய இயந்திரங்களை ஒவ்வொன்றாக மாற்றினார்களே, அந்தச் செலவும் சர்க்கார் செலவு. ஆனால் அதனால் ஏறிய வாடகை, தெருவின் இரு பக்கமும் கட்டடம் வைத்திருந்தவர்களின் பைக்குப் போயிற்று. ஹாங்காங்கில் ஏறக்குறைய எல்லா நிலமும் சர்க்காருடையது. தனியாரிடம் இருப்பது குத்தகை மட்டுமே. வாடகை மதிப்பின்மேல் ஒரு வரியும் உண்டு. ஆகவே லாபத்தில் ஒரு துளி கஜானாவுக்குத் திரும்பி வருகிறது என்பது வாஸ்தவம்தான். துளி போக மீதி வெள்ளம் யாருக்கு என்பதே பேச்சு. உச்சிக்குப் போன பழைய டிராமில் மூன்று வகுப்பு இருந்தது. இந்தப் படியில் வகுப்பு இல்லை, எல்லோரும் சமம். படியை விட்டு இறங்கிய பிறகுதான் வகுப்பு ஆரம்பமாகிறது.

வீட்டு வேலைக்காரிகளின் விஷயம் இதில் வேறு வகை. ஹாங்காங்கில் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல். அவர்கள் எஜமானர் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது 2003 முதல் சட்ட விதி. எனவே மலைமேல் தங்கியிருக்கும் அவர்களுக்குக் காலைக் கடைக்கு இறங்குவதும் சாமான்களோடு ஏறுவதும் நித்தியக் கடமை. ஒரே சந்தில் இரண்டு திசைக்கும் இரண்டு இயந்திரம் வைக்க இடமில்லை என்பது இஞ்சினீயர்கள் சொல்லும் காரணம். சந்துகளின் அகலத்தைப் பார்த்தால் அது நம்பக்கூடியதே. ஒரே திசைதான் முடியும் என்று ஆன பிறகு எந்தத் திசை என்று முடிவு செய்தபோதுதான், யாருடைய காலை முக்கியம் என்பதும் முடிவாயிற்று.

ஏழைகளின் மலையில்

நகரும் படிக்கட்டு என்றாலே பணக்காரர் பேட்டைக்குத்தானா? இல்லை என்று காட்டியது தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்து மெடயின் நகரம். அங்கே ஹாங்காங்குக்கு நேர் எதிரிடை: வசதி உள்ளவர்கள் பள்ளத்தாக்கில், ஏழைகள் மலைமேல். 2004-ல் அந்த நகரம் மலைக் குடிசைப் பகுதிகளுக்குக் கம்பியில் தொங்கும் வண்டிகளை விட்டு, அதை நகர ரயிலோடு இணைத்தது. ‘கொமுனா 13’ என்ற பகுதி துப்பாக்கிக் கும்பல்களின் பிடியில் இருந்த இடம். 2002-ல் பட்டாளமே புகுந்து சண்டையிட்டது. அங்கே 2011 டிசம்பரில் ஆறு பகுதிகளாக, 384 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு திறந்தார்கள். 28 மாடி உயரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சுமார் 12,000 பேருக்கு அது இலவசம். கர்ப்பிணிகளும் நோயாளிகளும் தோளில் தூக்கப்படாமல் கீழே இறங்க முடிந்தது. பெருமைதான். பிறகு? உலகெங்குமிருந்து உல்லாசப் பிரயாணிகள் அந்தப் படியைப் பார்க்க வந்து குவிந்தார்கள். சுவர்ச் சித்திரங்களும் பானக் கடைகளும் பெருகின. உள்ளூர்க்காரர்களுக்கு ஜீவனம் கிடைத்தது. சொந்தப் படியில் ஏற வரிசையில் நிற்கவும் நேர்ந்தது.

சமதள நகரங்களில் கதை வேறு. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் மூன்றரைக் கிலோமீட்டர் போல நீண்ட நகரும் நடைபாதை ஒன்று ஓடிற்று. ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் போகும் இரண்டு தட்டுகள். இனி நகரமெல்லாம் இதுதான் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பொருட்காட்சி முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து 2002-ல் அதே பாரிஸில், மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தின் அடியில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றை ஓட விட்டார்கள். ஜனங்கள் தடுமாறி விழுந்தார்கள். வேகத்தை 9 ஆகக் குறைத்தும் சரிப்படாமல் 2009-ல் நிறுத்திவிட்டார்கள். சமதளத்தில் மனிதனுக்கு இரண்டு கால்களே போதும். இயந்திரத்தின் தயவு மேட்டில்தான் தேவைப்படுகிறது.

பம்பாயில் 2008-ல் பாந்த்ரா ரயில் நிலையத்திலிருந்து தொடங்கி, ஊரெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட ஆகாய நடைபாதைகளைக் கட்டினார்கள். பலவற்றில் கூட்டம் இல்லை. காரணம் தேட வேண்டியதில்லை. மேலே ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும்; நடுவில் இறங்க வழி குறைவு; வாங்க வேண்டிய காய்கறியும் பூவும் கீழேயே இருக்கின்றன. முதலாவதாகக் கட்டிய பாந்த்ரா கிழக்குப் பாலமே பழுதாகி 2019-ல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. சென்னை தியாகராய நகரில் 2023 மே மாதத்தில் திறந்த ஆகாய நடைபாலத்துக்கு அந்த விதி இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் 570 மீட்டரில் நேரே இணைப்பதால், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது உண்மையான குறுக்குவழி. ரங்கநாதன் தெருவில் புடவை வாங்க வந்தவர் எந்த வழியில் போவார் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

வேண்டாம் என்ற தெரு

ஹாங்காங்குக்கே திரும்புவோம். அங்கே இன்று ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர். மலையும் படியும் நிறைந்த ஊரில் கிழவர்கள் பெருகினால் என்ன ஆகும்? எங்கெங்கே மலைப் படிக்கட்டும் லிப்டும் வேண்டும் என்று மனுக்கள் குவிந்தன. அவற்றைப் பரிசீலித்துத் தர வரிசைப்படுத்திய சர்க்கார், 2010-ல் 18 இடங்களைத் தேர்ந்தெடுத்தது. ஸென்ட்ரலுக்கு மேற்கே, ஸாய் யிங் புன்னில் ஸென்டர் தெருவுக்கு 2013-ல் நகரும் படிக்கட்டு வந்தது. 2015-ல் பாதாள ரயிலும் வந்தது. பழைய உப்புக் கருவாட்டுக் கடைகளுக்கு நடுவே புதிய காப்பிக் கடைகளும் கூடவே வந்தன.

அந்த 18-ல் ஒன்று பவுண்ட் லேன் என்ற சந்து. இது இருக்கும் டாய் பிங் ஷான் பகுதி ஏழைச் சீனர்கள் வாழ்ந்த புராதனக் குடியிருப்பு; 1894-ல் பிளேக் நோய் வாரிக்கொண்டு போன இடம். யெர்ஸன் என்ற விஞ்ஞானி பிளேக் கிருமியைக் கண்டுபிடித்ததும் அந்த வருஷத்து ஹாங்காங்கில்தான். ஆலமரங்களும் கற்படிகளும் சிறு கோயில்களுமாக அமைதியாக இருக்கும் இந்தச் சந்தில் நகரும் படிக்கட்டு போடலாம் என்று சர்க்கார் சொன்னபோது, ஜனங்கள் மாலை போட்டு வரவேற்கவில்லை. வேண்டாம் என்று சங்கம் கூட்டி எதிர்த்தார்கள். பத்து நிமிஷ நடைத் தூரத்தில் ஸோஹோ இருக்கிறதே! அங்கே முதலில் படி வந்தது, பிறகு மதுக்கடை வந்தது, பிறகு வாடகை வந்தது, கடைசியில் அவர்களைப் போன்றவர்கள் போனார்கள். வெறும் கற்பனை பயமல்ல இது, கண்ணால் பார்த்தது.

எதிர்த்தவர்கள் மட்டுமா இருந்தார்கள்? வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். மேல் தெருவில் குடியிருப்பவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. அழகான கற்படிகள் என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தினமும் அதில் அரிசி மூட்டையோடு ஏற வேண்டிய கஷ்டம் இல்லையே! மற்ற இடங்களில் பூமி பூஜை நடந்துகொண்டிருக்க, இங்கே கூட்டமும் வாதமுமாகக் காலம் போயிற்று.

இந்த வாதத்தில் சர்க்கார் தரப்பில் பேசியவர்கள் பாதையின் சரிவு, எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மரம் வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் கணக்காகக் காட்டினார்கள். வாடகையைப் பற்றி அவர்களிடம் கணக்கு இல்லை. அது போக்குவரத்து இலாகாவின் வேலையும் அல்ல. படி வந்த பிறகு இத்தனை வருஷத்துக்கு வாடகையை இவ்வளவுக்குமேல் உயர்த்தக் கூடாது என்றோ, ஏறிய மதிப்பில் ஒரு பங்கை எடுத்துப் பழைய குடிகளுக்கு அங்கேயே வீடு கட்டித் தருவோம் என்றோ சொல்ல யாரும் மேடைக்கு வரவில்லை. சொல்லியிருந்தால், எதிர்த்தவர்களில் பலர் முதல் ஆளாகப் படியில் ஏறியிருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது.